டைஃபாய்டுக்கு எதை நம்புவது: பழைய ஊசியா, கான்ஜுகேட் ஊசியா, மருந்தா, குழாய்த் தண்ணீரா?

டைஃபாய்டு தடுப்பூசி என்று கேட்டால் மும்பையில் இரண்டு விலை சொல்வார்கள். ஒன்று சில நூறு ரூபாய். இன்னொன்று ஆயிரத்தைந்நூறு ரூபாயில் தொடங்கி இரண்டாயிரத்தையும் தாண்டிப் போகும். சயானிலோ செம்பூரிலோ ஒரு குழந்தை டாக்டரிடம் போய் உட்கார்ந்து, "எது போடட்டும்?" என்று அவர் கேட்டால் பெற்றவர்கள் முழிக்கத்தான் செய்வார்கள், வெளியே கூட்டம் நிற்கிறதால் அவருக்கும் உட்கார்ந்து விளக்க நேரம் கிடையாது. நான் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாராவி, ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா பக்கமிருந்து வருகிற நம்ம ஊர்க் குடும்பங்கள், நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்ததும் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்று கேட்பார்கள்: "அக்கா, அந்த ரெண்டாயிர ரூபா ஊசி அவசியமா, இல்ல சும்மா எழுதுறாங்களா?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வருகிறேன். வாங்க முடிகிற குடும்பம் என்றால் கான்ஜுகேட் ஊசியைத்தான் போட வேண்டும், டாக்டர்கள் டிசிவி என்று சொல்வது இதைத்தான். பழைய ஊசிக்குக் காசு கொடுக்காதீர்கள். வாங்க முடியாத குடும்பத்துக்கு அரசு இலவசமாகப் போட வேண்டும், அதுவும் ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடுகிற அதே நாளில். ஆன்டிபயாடிக் இருக்கும்போது ஊசி எதற்கு என்பவர்களும் உண்டு, தண்ணீரைச் சரிசெய்தால் போதாதா என்பவர்களும் உண்டு. இரண்டு கேள்வியுமே நியாயமானவை, அதனால் அவற்றையும் பக்கத்தில் வைத்தே பார்ப்போம்.

முதலில் நோயின் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019-ல் உலகம் முழுக்க 90 லட்சம் பேருக்கு டைஃபாய்டு வந்தது, 1,10,000 பேர் இறந்தார்கள். நம் நாட்டுக் கணக்கை ஒழுங்காக எடுத்தது வேலூர் சிஎம்சி முன்னின்று 2017 முதல் 2020 வரை நடத்திய கண்காணிப்பு ஆய்வு. டெல்லி, கொல்கத்தா, வேலூர், புனே பக்கத்துக் கிராமங்கள் என்று நான்கு இடங்களில் சுமார் 24,000 குழந்தைகளை வாரா வாரம் விசாரித்து, காய்ச்சல் நீடித்தால் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை, எடுத்துப் பார்த்தார்கள். நகரங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைஃபாய்டு. புனே கிராமங்களில் வெறும் 35. அந்த 35-ஐயும் 1,173-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது நெருக்கடியான நகரத்து நோய். மும்பை அந்த ஆய்வில் இல்லை, ஆனால் நம் சால்களும் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கிற பழைய குடியிருப்புகள்) குடிசைப் பகுதிகளும் எந்தப் பக்கம் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தடுப்பூசிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் வைடல் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் கிளம்புகிறது. "ஊசி போட்டும் பிள்ளைக்கு டைஃபாய்டு வந்துடுச்சு" என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, எதை வைத்துச் சொன்னார்கள் என்பதுதான். பத்துக்கு ஒன்பது பேர் நீட்டுவது வைடல் ரிப்போர்ட். 1896-ல் வந்த சோதனை அது. கிருமியைத் தேடாமல், கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கிய எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். டைஃபாய்டு சுற்றிக்கொண்டே இருக்கிற ஊரில் அந்தப் புரதம் காய்ச்சலே இல்லாதவர் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும், வேறு காய்ச்சலிலும் ஏறும். அதனால் மழைக்காலத்தில் டெங்கு, மலேரியா, சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து "டைஃபாய்டு பாசிட்டிவ்" என்று ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. ஊசியின் மேல் விழுகிற பழியில் பெரும்பகுதி இந்த முத்திரையின் வேலை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ரத்தக் கல்ச்சர்தான், அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னால் எடுத்தது. அதுவுமே பத்தில் ஆறு பேரைத்தான் பிடிக்கும்.

கல்ச்சரில் அந்தக் கிருமி வரும்போது பார்த்தால் இந்த ஊசிகளின் கதை சட்டென்று புரியும். பாட்டிலில் வளர்ந்ததை மெக்காங்கி என்ற, கிருமி வளர்க்கிற தட்டில் இழுத்து வைத்தால் மறுநாள் நிறமில்லாத, வெளிறிய புள்ளிகளாக நிற்கும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து டிஎஸ்ஐ என்ற சோதனைக் குழாயில் குத்தினால், அடிப்பகுதி மஞ்சளாகும், சரிவு சிவப்பாகவே இருக்கும், இரண்டும் சேருகிற இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மீசை மாதிரி விழும். அந்த மீசையைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் கண்ணாடித் துண்டில் டைஃபாய்டு கிருமியை அடையாளம் காட்டுகிற சீரம் ஒரு சொட்டு விட்டுக் கிருமியைக் கலந்து, திரிகிறதா என்று பார்ப்போம். சில நேரம் திரியவே திரியாது. ஏனென்றால் கிருமி தன்னைச் சுற்றி விஐ என்ற சர்க்கரை உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கிறதை சீரம் தொட முடியாது. அதே கிருமியைக் கொதிநீரில் வைத்து எடுத்து மறுபடி சீரத்தில் கலந்து பார்த்தால், உறை கழன்று, பளிச்சென்று திரிந்துவிடும். எங்கள் சீரத்திடமிருந்து ஒளிந்துகொள்கிற அதே உறையை வைத்துத்தான் நம் உடம்பின் காவலிலிருந்தும் அது தப்பிக்கிறது. நாம் பேசப்போகிற இரண்டு ஊசிகளும் குறிவைப்பது இந்த உறையைத்தான்.

விலை குறைந்த பழைய ஊசியில் இருப்பது அந்த விஐ சர்க்கரை மட்டும், 25 மைக்ரோகிராம். பெயர்பெற்ற டிசிவியிலும் அதே சர்க்கரை, அதே 25 மைக்ரோகிராம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: டிசிவியில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு, பெரும்பாலும் விஷம் நீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு, பிணைத்திருக்கிறார்கள். இதற்கு இவ்வளவு விலை வித்தியாசமா என்று தோன்றும். ஆனால் விஷயமே அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது. வெறும் சர்க்கரையை இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் உடம்பு கண்டுகொள்வதே இல்லை. பெரியவர்கள் உடம்பு கண்டுகொண்டாலும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, நினைவை உண்டாக்க உதவுகிற டி செல்கள் என்ற ரத்த அணுக்கள் இந்த வேலைக்குள் வராததால் எதிர்ப்புச் சக்தி சில ஆண்டுகளில் வடிந்துவிடும். புரதத்தோடு சேர்ந்து வந்தால் கதை வேறு. முன்பின் தெரியாத ஆள் தனியாக சாலுக்குள் வந்தால் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் போகலாம், எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால் அந்த முகம் மனதில் நிற்கும், அப்படித்தான். இது டைஃபாய்டுக்கென்று புதிதாகக் கண்டுபிடித்த உத்தியும் இல்லை. உங்கள் குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் போட்ட ஐந்து நோய் ஊசியில் ஹிப் கிருமிக்கான பகுதி இதே முறையில் செய்ததுதான்.

இனி நேருக்கு நேர். பழைய ஊசி இரண்டு வயதுக்கு மேல்தான் போட முடியும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். டிசிவியை ஆறாம் மாதத்திலிருந்தே போடலாம், ஒரே ஊசி. பழைய ஊசி பயனற்றது என்று சொல்ல மாட்டேன், அது அநியாயம். கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் நடந்த பெரிய ஆய்வில் 61 சதவீதம் காப்பாற்றியது, ஊசி போடாத அக்கம்பக்கத்தாருக்குக்கூட 44 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது என்று 2009-ல் வெளியிட்டார்கள். அதே மாதிரி ஆய்வைக் கராச்சியில் நடத்தியபோது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் பலன் தெரியவில்லை. ஒரே ஊசி ஒரு ஊரில் ஒரு மாதிரி, இன்னொரு ஊரில் வேறு மாதிரி. சின்னக் குழந்தைகளுக்கு அதை நம்பிப் போட முடியாது என்பதுதான் எனக்கு அதிலிருந்து கிடைப்பது.

டிசிவி பக்கம் ஆதாரம் அடுக்கடுக்காக இருக்கிறது. இந்த உத்தி டைஃபாய்டில் வேலை செய்யும் என்று முதலில் காட்டியது வியட்நாமில் நடந்த ஆய்வு: இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 11,000 பேருக்கு மேல், வேறொரு புரதத்தோடு பிணைத்த விஐ ஊசி, இரண்டு தவணை, பாதுகாப்பு 91.5 சதவீதம், முடிவு வெளியானது 2001-ல். அதற்குப் பிறகும் ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு ஊசி போய்ச்சேர இத்தனை காலம் ஆனதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் டைப்பார் டிசிவிக்கு இந்தியாவில் 2013-ல் உரிமம் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பெரியவர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்து, ஊசி போட்டுக்கொண்டு, பிறகு டைஃபாய்டு கிருமியைக் கலக்கிக் குடித்தார்கள். நடைமுறையில் டைஃபாய்டு என்று நாம் கணக்கிடுகிற விதத்தில் பார்த்தால் 87 சதவீதப் பாதுகாப்பு என்று 2017-ல் சொன்னார்கள். அடுத்து மூன்று நாடுகளில் குழந்தைகளிடம் களச் சோதனை: நேபாளத்தின் லலித்பூரில் ஏறத்தாழ 80 சதவீதம், மலாவியின் பிளாண்டயரில் ஏறத்தாழ 80, டாக்காவின் மிர்பூரில் 85. மூன்று ஊர், மூன்று விதத் தண்ணீர், மூன்று விதச் சாப்பாடு, எண்கள் மட்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கொல்கத்தா, கராச்சி மாதிரி இங்கே இழுபறி இல்லை.

குறையையும் மறைக்கக் கூடாது. மலாவியில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் 78 சதவீதம் நின்றது, சந்தோஷம். ஆனால் டாக்காவில் தொடர்ந்து கவனித்தபோது மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் நடுவில் பாதுகாப்பு 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, மிகச் சின்ன வயதில் ஊசி போட்ட குழந்தைகளிடம்தான் அதிகம் இறங்கியது. பள்ளிக்கூடம் போகிற வயதில் இன்னொரு ஊசி தேவைப்படலாம் என்ற பேச்சு வருவது இதனால்தான், அது நியாயமான பேச்சு என்றே நினைக்கிறேன். இன்னொன்று, ஊசி போடாத அண்டை வீட்டாருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைக்குமா என்று பார்த்தால், டாக்கா ஆய்வில் அப்படி உறுதியாக எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்டால் நம் பிள்ளைக்கும் கொஞ்சம் காவல் என்று இந்த ஊசியில் நம்பி இருக்க முடியாது. அதனால்தான் வசதி இருக்கிறவர்கள் மட்டும் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிற ஏற்பாட்டில் ஊருக்கு லாபம் இல்லை என்கிறேன். காசு கொடுத்தவர் தப்பிப்பார், அவ்வளவுதான் நடக்கும்.

அப்புறம், வாய்வழி கேப்சூல் ஒன்று இருந்தது, டிஒய்21ஏ. உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. ஒன்றுவிட்டு ஒருநாள் மூன்று கேப்சூல், குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, மெல்லாமல் முழுங்க வேண்டும், கூடவே ஆன்டிபயாடிக் எடுக்கக் கூடாது. சிலியின் சாண்டியாகோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஏழு ஆண்டுக்கு 62 சதவீதம் என்று காட்டினார்கள், கெட்டிக்கார மருந்துதான். ஆனால் கேப்சூல் முழுங்கத் தெரியாத வயதில்தான் நமக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டியிருக்கிறது. 2024 முடிவோடு அதன் தயாரிப்பும் நின்றுவிட்டது. போட்டியில் இல்லை, விட்டுவிடலாம்.

டிசிவிக்குள்ளேயே எந்தக் கம்பெனி என்று கேட்பவர்கள் உண்டு. டைப்பார் டிசிவியில் டெட்டனஸ் புரதம். அதே ஹைதராபாத்தின் பயாலஜிகல் இ தயாரிக்கிற டைஃபிபெவில் சிஆர்எம்197 என்ற வேறு புரதம். உலக சுகாதார நிறுவனம் முதலாவதற்கு 2017 கடைசியிலும் இரண்டாவதற்கு 2020 கடைசியிலும் முன்தகுதி, அதாவது சர்வதேசக் கொள்முதலுக்கு ஏற்றது என்ற சான்று, கொடுத்தது. அகமதாபாத் சைடஸின் ஊசியும் 2024-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நேபாளம், மலாவி, வங்கதேசக் களச் சோதனைகள் மூன்றும் டைப்பாரை வைத்து நடந்தவை; பின்னால் வந்தவை ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் அதற்குக் குறையாமல் ஏறுகிறது என்று காட்டி அனுமதி வாங்கியவை. இரண்டும் கைக்கெட்டுகிற இடத்தில், ஒரே விலையில் இருந்தால் நான் நீண்டகாலக் கணக்கு உள்ளதை எடுப்பேன். ஒன்று இல்லையென்றால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க மாட்டேன், கிடைக்கிற டிசிவியைப் போட்டுவிடுவேன். பழைய சர்க்கரை ஊசிக்கும் டிசிவிக்கும் உள்ள தூரத்தோடு பார்த்தால் டிசிவிகளுக்குள் இருக்கிற வித்தியாசம் சின்னது.

இனி ஊசிக்கு வெளியே இருக்கிற போட்டியாளர்கள். "வந்தால் மருந்து சாப்பிட்டுக்கலாம்" என்பதுதான் மும்பையில் பெரும்பாலான குடும்பங்கள் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுத்திருக்கிற வழி. 1948-ல் குளோராம்ஃபெனிகால் வந்தபோது அது சரியான வழியாகவும் இருந்தது. அதுவரை பத்தில் ஒருவரையோ அதற்கு மேலோ கொன்ற நோய் ஒரே மருந்தில் அடங்கியது. பிறகு அந்த மருந்து கேட்காமல் போனது, ஆம்பிசிலின் போனது, கோட்ரைமாக்சசோல் போனது, சிப்ரோஃப்ளாக்சசின் வந்து அதுவும் நம் பக்கத்தில் பெரும்பாலான கிருமிகளிடம் தோற்றுவிட்டது. இன்று நம்பி நிற்பது செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சைம், அசித்ரோமைசின். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016 கடைசியில் கிளம்பிய கிருமி இதில் செஃப்ட்ரியாக்சோனையும் தாண்டிவிட்டது. அங்கே மிஞ்சியது வாயால் சாப்பிடுகிற அசித்ரோமைசினும், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஏற்றுகிற விலை உயர்ந்த கார்பபெனெம் ஊசிகளும்தான். நான் ரிப்போர்ட் அடிக்கும்போது ஒவ்வொரு மருந்தின் எதிரிலும் எஸ் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து விழும்; எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. டைஃபாய்டு ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு எதிரில் எஸ் வருவது அபூர்வம். அசித்ரோமைசினுக்கு எதிரிலும் ஒரு நாள் ஆர் வரத் தொடங்கினால் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கிற வாய்ப்பே போய்விடும். பத்து நாள், பதினான்கு நாள் காய்ச்சல், கூலி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா, மூன்றாவது வாரம் குடல் ஓட்டையாகி அவசர ஆபரேஷன் ஆகிற சில பிள்ளைகள், இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மருந்து மலிவான வழி இல்லவே இல்லை.

இங்கே ஊசிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பல ஆன்டிபயாடிக்குகள் கேட்காத கிருமிக்கும் அதே விஐ உறைதான், அதனால் ஊசிக்கு அந்த வித்தியாசமே தெரியாது. சிந்துவில் பரவல் உச்சத்தில் இருந்தபோது டிசிவி போட்டுப் பார்த்தார்கள், மருந்து கேட்காத அந்த வகைக்கு எதிராக 97 சதவீதம் பலன் கிடைத்தது. மருந்து தோற்கிற இடத்திலும் ஊசி நிற்கிறது. ஊசி நிற்காத இடம் பாராடைஃபாய்டு, டைஃபாய்டின் தம்பி மாதிரியான காய்ச்சல். பாராடைஃபி ஏ கிருமிக்கு விஐ உறை கிடையாது, எனவே டிசிவி அதைத் தொடாது. புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் என்ற தடுப்பூசி நிறுவனம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஊசியை மனிதர்களிடம் சோதித்துவருகிறது, வந்தால் நல்லது.

கடைசிப் போட்டியாளர் தண்ணீர், இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான ஒப்பீடு. "அமெரிக்காக்காரன் ஊசி போட்டா டைஃபாய்டை ஒழிச்சான்?" என்று கேட்பார்கள். இல்லை, உண்மைதான். 1908-ல் ஜெர்சி சிட்டியில் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியதும், வடிகட்டலும் சேர்ந்ததும், அந்நாட்டு நகரங்களில் டைஃபாய்டு சரிந்தது. சாண்டியாகோவில் 1991-ல் காலரா பயத்தால் சாக்கடை நீரில் காய்கறி விளைவிப்பதைத் தடைசெய்தார்கள், காலராவுக்காகச் செய்ததில் டைஃபாய்டும் விழுந்தது. நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் ஹூப்ளி தார்வாடில், நாள் முழுக்கத் தண்ணீர் வருகிற வார்டுகளையும் சில நாளுக்கு ஒருமுறை வருகிற வார்டுகளையும் ஒப்பிட்டபோது, நாள் முழுக்க வருகிற பக்கத்தில் டைஃபாய்டு வந்ததாகச் சொன்ன வீடுகள் 42 சதவீதம் குறைவு. ஆக தண்ணீர் வேலை செய்யும், அதில் விவாதமே இல்லை. அது வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, பாராடைஃபாய்டு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்கிற ஒரே வழியும்கூட.

ஆனால் மும்பையின் தண்ணீர் எங்கே கெடுகிறது என்று பாருங்கள். ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது, பாண்டூப் போன்ற இடங்களில் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் விடுகிறார்கள். கிளம்பும்போது நல்ல தண்ணீர். தெருவுக்கு வருவது தினமும் சில மணி நேரம் மட்டும். மற்ற நேரம் குழாய் காலி. சந்துகளில் வீடுகளுக்குப் பிரிந்துபோகிற மெல்லிய குழாய்கள் அடுக்கடுக்காக, பல இடங்களில் கட்டருக்குள்ளேயே, சாக்கடையைத் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும், பழைய இணைப்பில் சின்ன ஓட்டை இருந்தால் வெளியே நிற்கிறது உள்ளே வரும். அதோடு, வேகம் போதாது என்று நாலு வீட்டில் மோட்டார் வைத்து இழுத்தால் கேட்கவே வேண்டாம். மறுநாள் காலையில் குழாய் திறந்ததும் முதலில் கலங்கலாக வருவதைக் கொஞ்சம் வழியவிட்டு, தெளிந்த பிறகு குடத்தை வைக்கிற பழக்கம் இந்தச் சந்துகளில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. தெளிந்துவிட்டது என்பது கண்ணுக்குத்தான். கிருமி கண்ணுக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய நாள் முழுக்க அழுத்தம் உள்ள குழாய், தனியாக ஓடுகிற சாக்கடை, முறையான இணைப்பு எல்லாம் வேண்டும், அதற்கு முன்னால் இந்தக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கேட்கிற உரிமை உண்டா இல்லையா என்ற இழுபறியே முடிய வேண்டும். கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் இந்த ஆண்டு பிறக்கிற குழந்தை அதுவரை என்ன செய்யும்? குழாய் வருவதற்குள் அது வளர்ந்து கல்யாணமே ஆகிவிடும். ஊசியை அடுத்த வாரம் போடலாம். தண்ணீரா ஊசியா என்று என்னிடம் கேட்டால் இரண்டும் என்பேன். நாளைக்குக் காலையில் எது என்று கேட்டால் ஊசி என்பேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதும், வீட்டில் குடிக்கிற வரைக்கும். கொதித்த தண்ணீரை மூடி வைத்து, குவளையைக் கையோடு உள்ளே விடாமல் எடுத்தால் நிச்சயம் பலன் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்துக் குழாய், தெருவோரத்து ஐஸ் கோலா, தள்ளுவண்டிச் சட்னி இவற்றுக்கு வீட்டு அடுப்பு காவல் இருக்க முடியாது. நோய் வந்து குணமானவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை பித்தப்பையில் கிருமியைச் சுமந்துகொண்டு, தாங்கள் நன்றாகவே இருந்தபடி பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், சமைக்கிற கைகளில் அதுவும் இருக்கலாம்.

சரி, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டால், வாஷி கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டிப் பாருங்கள். 2018-ல் நவி மும்பை மாநகராட்சி 9 மாதம் முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு டிசிவியை இலவசமாகப் போட்டது. உலகத்திலேயே அரசுத் துறை இந்த ஊசியைப் பெரிய அளவில் போட்டதில் முதலில் நிற்பது அதுதான். நகரின் 22 சுகாதார நிலையப் பகுதிகளில் பாதியில் முதல் கட்டம் என்று பிரித்ததால் போட்ட பகுதியையும் போடாத பகுதியையும் ஒப்பிடவும் முடிந்தது. முதல் கட்டத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள், ஊசி போட்ட பகுதிகளில் டைஃபாய்டு குறைந்தது. பாலத்தின் அந்தப் பக்கம் வாஷி, இந்தப் பக்கம் மான்கூர்ட். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு மாநகராட்சி செய்ததை இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அதன் அப்பா இரண்டாயிரம் ரூபாய் எடுத்துவைத்தால்தான் செய்ய முடியும். வீட்டில் மூன்று பிள்ளை என்றால் ஆறாயிரம். தாராவியில் விடியற்காலை மாவரைத்து இட்லி விற்கிற குடும்பத்திடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பதிலே வராது.

நாடுகளை வரிசைப்படுத்தினால் இன்னும் கோபம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2018 மார்ச்சில் டைஃபாய்டு மிகுந்த நாடுகளுக்கு டிசிவியைப் பரிந்துரைத்தது, வழக்கமான அட்டவணையில் ஒரு ஊசி, தொடங்கும்போது 15 வயதுவரை எல்லோருக்கும் ஒருமுறை. பாகிஸ்தான் 2019 நவம்பரில் முதல் நாடாகத் தொடங்கியது. லைபீரியா, ஜிம்பாப்வே, நேபாளம், மலாவி என்று வரிசையாக வந்தார்கள், 2025 அக்டோபரில் வங்கதேசமும் சேர்ந்தது. இவர்களில் பலருக்கும் ஊசி போவது நம் ஹைதராபாத்திலிருந்து. சர்வதேசக் கொள்முதலில் ஒரு ஊசி ஒன்றரை டாலரோ அதற்கும் குறைவோதான், நம் பணத்தில் 150 ரூபாய்க்குள். டெல்லியில் இருக்கிற தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவும் 2022-லேயே பரிந்துரை கொடுத்துவிட்டது. இதை எழுதும்போது நம் தேசிய அட்டவணையில் டிசிவி இல்லை. ஊசி நம்மிடம் இருக்கிறது, ஆய்வு நம்மிடம் இருக்கிறது, ஒன்பதாம் மாதத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற தாயும் நம்மிடம் இருக்கிறாள். தட்டம்மை ரூபெல்லா ஊசி போடுகிற அன்றே இன்னொரு தொடையில் இதையும் போடலாம், ஒன்றை ஒன்று கெடுக்காது என்பதும் பார்த்து முடிந்த விஷயம். கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வந்தால் குழாயைப் பற்றிக் கேட்கிற அதே மூச்சில் இந்த ஊசியையும் கேளுங்கள். நவி மும்பையால் முடிந்தது மும்பையால் ஏன் முடியாது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அதுவரை காசு கொடுத்துத்தான் போட வேண்டும் என்றால், இதைக் கவனியுங்கள். டாக்டரிடம் "டைஃபாய்டு ஊசி" என்று மட்டும் சொல்லாதீர்கள், "கான்ஜுகேட் ஊசி" என்று சொல்லுங்கள், பெட்டியைக் கையில் வாங்கி அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே பழைய ஊசி போட்ட பிள்ளைக்கும் டிசிவி போடலாம். குழந்தைக்கு ஏற்கனவே டைஃபாய்டு வந்துபோயிருந்தாலும் போடலாம், குணமாகிச் சில வாரம் கழித்து எப்போது என்பதை டாக்டர் சொல்வார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் முடியாதென்றால், காய்ச்சல் வந்தால் மிகவும் வாடிப்போகிற, இன்னும் பாதுகாப்பே இல்லாத சின்னதிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வேன். போட்ட தேதியையும் ஊசியின் பெயரையும் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள், பின்னால் இன்னொரு தவணை வந்தால் அது வேண்டும். ஊசி போட்ட பிறகும் காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வராதீர்கள். முதல் மாத்திரைக்கு முன்னால் ரத்தக் கல்ச்சருக்குக் கொடுங்கள். அப்போதுதான் டைஃபாய்டா இல்லையா, டைஃபாய்டு என்றால் எந்த மருந்துக்கு எஸ், எந்த மருந்துக்கு ஆர் என்று எங்களால் எழுதித் தர முடியும்.